காத்தாடிக்கு வைத்த பொட்டு

முதலாளி லோகேஸ்வரன் செல்லனுக்குத் தர வேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூற்று அறுபது மலேசிய வெள்ளி. அதில் செல்லனின் சொந்தக் கூலி பாதிகூடத் தேறாது. மச்சினன் குகனுடையதும், கூட மூட்டை தூக்கும் வங்காளதேசிகள் இரண்டு பேருடையதும் சேர்ந்த கணக்கு அது. ஆட்களை வைத்து வேலை வாங்கும் மண்டோர் என்றால் அவர்களுக்குச் சோறு போட வேண்டும். மாதம் பிறந்தும் பணம் வராதபோது அரிசி, கருவாடு, போன் காசு என்று செல்லன்தான் கையிலிருந்து போட்டான். கை காலியானதும் மனைவி நவமணியின் தாலிக்கொடி கோலா சிலாங்கூர் அடகுக் கடைக்குப் போனது. தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தீபாவளிக்குள் மீட்காவிட்டால் கொடி ஏலத்துக்குப் போய்விடும் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான்.

வேலை என்னவோ ஆகாயத்து வேலைதான். செம்பனைக் காட்டுக்கு நடுவே செம்மண்ணை இறுக்கிப் போட்ட ஒரு ஓடுபாதை. அதில் வந்து நிற்கும் மஞ்சள் பிளேன் ஒன்று, குகனைவிட வயதில் மூத்தது. அதன் வயிற்றில் உரத்தைக் கொட்ட வேண்டும். அது எழும்பிப் போய் மரங்களின் தலையில் தூவிவிட்டு, இவர்கள் வேர்வையைத் துடைப்பதற்குள் திரும்பி வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். உரம் வேர்வையில் கரைந்து அக்குளிலும் தொடையிடுக்கிலும் எரியும். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது இன்னும் எரியும். பிளேனின் மூக்கில் சுற்றுவதை லோகேஸ்வரன் புரொப்பெல்லர் என்பான். செல்லன் ஆட்களுக்கு அது காத்தாடி.

அன்றைக்குக் காலையில் லோகேஸ்வரனின் கார் உர ஷெட்டுக்கு வந்து நின்றபோது செல்லன் மூட்டையின் வாயைப் பாராங் கத்தியால் கீறிக்கொண்டிருந்தான். லோகேஸ்வரனோடு மூசாவும் இறங்கினான். மூசா பிளேன் ரிப்பேர்காரன். குடும்பமே கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை நடத்த, இவன் ஒருவன் மட்டும் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டவன்.

"மண்டோரே, இன்னியோட பிளேன நிறுத்துறோம்" என்றான் லோகேஸ்வரன். "புது காத்தாடிக்கு முன்பணம் கட்டிட்டேன். வர ரெண்டு மாசம் ஆகும். வந்ததும் மிச்ச பிளாக்குக்கு உரம் அடிச்சிக்கலாம்."

"நிறுத்துங்க மொதலாளி. எங்க காசு?"

"அதான் சொல்றேன்லா. கடைசி பிளாக் முடிஞ்சாதான் தோட்டத்துல செக் போடுவான். செக் வந்ததும் ஒனக்கு."

"ரெண்டு மாசம் கழிச்சா?"

மூசா நடுவில் புகுந்தான். "அண்ணே, கோவப்படாம கேளுங்க. இந்த மாதிரிக் காத்தாடிக்கெல்லாம் ஒரே சீக்குதான். நடுவுல ரெக்கைங்க வந்து சேர்ற குடம் இருக்குல்ல, அது வெடிப்பு விடும். புதுசு மாத்தணும். இல்லாட்டி, இத்தன மணி ஓடினா கழட்டி சுபாங் பட்டறைக்கு அனுப்பி வெடிப்பு இருக்கான்னு பாக்கணும். மறுபடி ஓடினா மறுபடி பாக்கணும். இவரு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டேதான் இருக்காரு."

"பாக்கறதுக்கு ஒவ்வொரு வாட்டியும் காசு பிடுங்கறான்" என்றான் லோகேஸ்வரன். "கழட்டுறான், தொடைக்கிறான், நல்லாருக்குன்னு கையெழுத்துப் போடுறான். பாத்ததுக்குக் குடுத்த காசுல பாதி காத்தாடி வாங்கிருக்கலாம். செத்த மாட்டுக்கு வைத்தியம் பாத்த கதையா இருக்கு. அதான் துணிஞ்சி புதுசுக்குக் கட்டிட்டேன்."

"எதுல இருந்து கட்டினீங்க?" என்று செல்லன் கேட்டான்.

லோகேஸ்வரன் காரின் சாவியை விரலில் சுற்றினான். அந்தச் சாவி சுற்றியதுதான் செல்லனுக்குக் கண்ணில் தைத்தது.

செல்லன் பாராங்கைக் கீழே போட்டான். போட்டது நல்லதற்குத்தான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து லோகேஸ்வரனின் முகத்தை எண்ணெய் டிரம்மின் விளிம்பில் மோதினான். டிரம் கோயில் மணி போல அதிர்ந்தது. தூக்கி இன்னொரு முறை மோதினான். லோகேஸ்வரன் மண்டியிட்டு விழ, இடுப்பில் ஓர் உதை விட்டான். வங்காளதேசிகள் இருவரும் மூட்டைக்குப் பின்னால் பதுங்கினார்கள். குகன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான்.

"மச்சான், விடுங்க மச்சான்! செத்துறப் போறான்!"

"சாவட்டும்! என் பொண்டாட்டி கழுத்துக் கொடியில காத்தாடி வாங்கிருக்கான்!"

லோகேஸ்வரன் உள்ளங்கையில் துப்பினான். ரத்தத்தோடு ஒரு பல் கிடந்தது. அதைப் பார்த்தான். பிறகு வாயைப் புறங்கையால் துடைத்தான்.

"சரி. பறக்கட்டும். பழைய காத்தாடியோடவே கடைசி பிளாக்க முடி. செக் வந்த அன்னிக்கே ஒன் கணக்கத் தீக்கிறேன். மூசா, சோதனைக்கு இன்னும் மணி பாக்கி இருக்குல்ல?"

"கையெழுத்துப்படி இருக்கு பாஸ்" என்றான் மூசா. அவன் முகம் சரியில்லை. செல்லனைப் பிளேனின் மூக்குக்கு அழைத்துப்போனான். "அண்ணே, நீங்க அடிச்சி வாங்கிட்டீங்க, அத நான் பேசல. இத மட்டும் கேட்டுக்கங்க. இந்தக் குடத்துக்குள்ள செவப்புச் சாயம் கலந்த எண்ண ஊத்தி வச்சிருக்கு. எதுக்கு? முடி அளவு வெடிப்பு விட்டாலும் செவப்பு வெளிய கசியும். அது தெரிஞ்சா அப்பறம் எஞ்சின தொடக்கூடாது. நான் இல்லாத நாள்ல தெரிஞ்சாலும் தொடக்கூடாது."

"சரி மூசா."

"தம்பி, நீயும் கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டேன் அண்ணே" என்றான் குகன்.

வீட்டுக்கு வரும்போது செல்லனின் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. நவமணி சுடுதண்ணீர் வைத்தாள். அடுப்பில் மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு கொதித்தது. மழை தகரத்தில் இறங்க ஆரம்பித்தது. சிலாங்கூர் ஆற்றுப் பக்கமிருந்து வரும் மழை. ஒரு முறை பிடித்தால் வாய்க்காலெல்லாம் ரோட்டுக்கு ஏறிவிடும்.

"யார அடிச்சிட்டு வந்தீங்க?" என்றாள்.

"மொதலாளிய."

"அடிச்சா காசு வருமா?"

"வருது பாரு. அடிக்காம ரெண்டு மாசம் பல்ல இளிச்சேன், வந்துச்சா?"

குகன் தட்டோடு வந்து உட்கார்ந்தான். "அக்கா, மச்சான் கைய நீட்டினா பேங்க் மெஷின் மாதிரி. குத்துனா காசு வரும். பல்லும் வரும்."

"சிரிக்காதடா. அந்தக் கை ஒன்ன எத்தன வாட்டி சாத்திருக்கு, மறந்துட்டியா?"

"அதெல்லாம் எழுதி வச்சிருக்கேன்கா. வட்டியோட திருப்பிக் கொடுப்பேன்."

செல்லனும் சிரித்தான். அப்பா அம்மா போன பிறகு பள்ளிக்கூடப் பையனாக இந்த வீட்டுக்கு வந்தவன் குகன். மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் செல்லன்தான், சிகரெட் பிடித்ததற்குச் செவிட்டில் விட்டதும் செல்லன்தான். இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் விஷாலினி என்று ஒரு பெண், கிளினிக்கில் வேலை. பாக்கிப் பணம் வந்தால் கொடியை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெண் கேட்கப் போகலாம் என்று நவமணி காத்திருந்தாள். மஞ்சள் கயிற்றோடு போய்ச் சம்பந்தி வீட்டில் நிற்க அவளுக்கு மனசில்லை.

"கோவத்துல என்னிக்காவது ஒரு ஆள முழுசா தின்னப் போறீங்க" என்று சொல்லி புருஷன் விரல்களைச் சுடுதண்ணீரில் அமுக்கினாள். செல்லன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மழையில் கடைசி பிளாக் இழுத்துக்கொண்டே போக, ஆயுத பூசை வந்தது. ஓடுபாதையில் வருடா வருடம் செல்லன்தான் பூசை போடுவான். மண்வெட்டி, டிராக்டர், பாராங், எடைத் தராசு, எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தான். பிளேனுக்கு மாலை. போன வருடம் காத்தாடிக்கு வைத்த குங்குமத் தூள், எஞ்சின் கிளம்பியதும் காற்றில் பறந்து பைலட் ஹைருலின் வெள்ளைச் சட்டை முழுக்கப் படிந்துவிட்டது. ஹைருல் நல்ல பையன், சிரித்துவிட்டான். ஆனால் சட்டை போனது போனதுதான். அதனால் இந்த வருடம் செல்லன் ஒரு யோசனை செய்திருந்தான். நல்லெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்துக் களிம்பாக்கிக் கொண்டுவந்தான். எந்தக் காற்றுக்கும் பறக்காது.

ரெக்கைக்கு ஒன்றாக வைத்துவிட்டு, நடுக் குடத்தில் கட்டை விரலால் ஒரு பெரிய பொட்டு அப்பினான்.

தள்ளி நின்று கடலை தின்றுகொண்டிருந்த மூசா வேகமாக வந்தான். "குடத்துல வேணாம்ணே. ரெக்கையோட நிறுத்திக்கங்க."

"சாமிக்கு நெத்தி எங்க இருக்கோ அங்கதான்டா பொட்டு வைப்பாங்க. ஒங்க வீட்டுக் கல்யாணத்துல நான் வந்து பிரியாணியில கறி வேணாம்னு சொன்னேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூசாவும் சிரித்தான். ஆனால் விடவில்லை. "சரி, இன்னிக்கு இருக்கட்டும். நாளைக்கு நான் சுபாங் போறேன், அடுத்த சோதனைக்கு நாள் வாங்க. காலைல எஞ்சின் எடுக்கறதுக்கு முன்னாடி இத சுத்தமா தொடச்சிடுங்க. தொடச்சிட்டு ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் பாருங்க. காஞ்சு கெடந்தா பறக்கட்டும்."

"தொடச்சிடறேன் பாய்."

பூசணிக்காயைச் செல்லன் தலைக்கு மேல் தூக்கி ஓடுபாதையில் போட்டு உடைத்தான். உள்ளே வைத்த குங்குமத் தண்ணீர் செம்மண்ணில் தெறித்தது. குகனின் கால் சட்டையிலும் பட்டது.

அன்றைக்கு இரவெல்லாம் மழை. விடிந்தபோது விட்டிருந்தது. செம்பனை ஓலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி போன் போட்டு, இன்றைக்குள் பிளாக் முடியாவிட்டால் செக் அடுத்த மாதம்தான் என்று சொல்லிவிட்டான். செல்லன் அப்போதே கொதித்துக்கொண்டிருந்தான்.

காத்தாடியில் பொட்டுகள் மழையில் கரைந்து கோடு கோடாக வழிந்திருந்தன. செல்லன் இடுப்பில் செருகியிருந்த பழைய துணியை எடுத்துக் குடத்தை அழுத்தித் துடைத்தான். துணி சிவப்பாகப் பிசுபிசுத்தது. குடம் பளிச்சென்று வந்தது.

"மூட்டையக் கொண்டாங்கடா."

குகன் நகரவில்லை. குடத்தருகே முகத்தைக் கொண்டுபோய் நின்றான். "மச்சான், திரும்ப வருது."

"என்னா வருது?"

"செவப்பு. இங்க பாருங்க. நூல் மாதிரி."

செல்லன் பார்த்தான். ரெக்கை குடத்தில் சேரும் இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. துணியால் தேய்த்தான். போனது.

"குங்குமம்டா. இடுக்குல போனது வழியுது. எண்ணையில கொழச்சது லேசுல போவுமா?"

"மூசாண்ணே ஒரு சிகரெட் நேரம் பாக்கச் சொன்னாரு."

ஹைருல் ஹெல்மெட்டோடு வந்தான். என்ன சிவப்பு என்று மலாயில் கேட்டான். நேற்றுப் பூசைக் குங்குமம் என்று செல்லன் சொன்னதும், அவன் தன் சட்டையைத் தட்டிக்காட்டி, இந்த வருடம் என்னை விட்டுவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே மேலே ஏறினான்.

"மச்சான், மூசாண்ணனுக்கு ஒரு போன் போடலாம். அஞ்சு நிமிஷம்."

"செக் அடுத்த மாசம் வந்தா நீ குடுப்பியா? ஒங்கக்கா கழுத்துக்கு நீ வாங்கிப் போடுவியா?"

"இல்ல மச்சான், எனக்கென்னமோ..."

செல்லனின் கை தானாகப் போனது. குகனின் கன்னத்தில் அறை விழுந்த சத்தம் ஷெட்டின் தகரம் வரை கேட்டது. வங்காளதேசிகள் பார்த்தார்கள். மேலேயிருந்து ஹைருலும் பார்த்தான். குகனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவன் மூட்டையைத் தூக்கப் போனான்.

முதல் சுமையை ஏற்றினார்கள். எஞ்சின் பிடித்தது. ஹைருல் சைகை காட்ட, குகன் குனிந்து, முட்டுக் கொடுத்திருந்த சக்கரக் கட்டையைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினான். எஞ்சின் முழுச் சத்தத்துக்கு ஏறியது. புல்லெல்லாம் பின்னால் படுத்தது.

வெடித்த சத்தம் செல்லனுக்குக் காதில் விழவில்லை, நெஞ்சில்தான் விழுந்தது. பிளேன் பேய் பிடித்தது போல உதறியது. காத்தாடியில் ஒரு ரெக்கையைக் காணோம். மிச்சம் இருந்தது ஒரு பக்கமாக இழுத்துச் சுழன்று, எஞ்சினையே மூக்கிலிருந்து பிய்த்துக் கீழே தள்ளியது. புகையும் பெட்ரோல் நாற்றமும். காணாமற்போன ரெக்கை ஓடுபாதையைத் தாண்டி ஒரு செம்பனை மரத்தில் பாதிவரை இறங்கி நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. அது போன வழியில் குகன் கிடந்தான்.

வலது கை தோளுக்குக் கீழே இல்லை. அது தனியாகக் கிடந்தது, சக்கரக் கட்டையின் கயிற்றை இன்னும் பிடித்தபடி.

செல்லன் எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. ரத்தம் தாளம் போட்டது போல விட்டு விட்டுப் பீறியது. கட்டுவதற்குத் துணி தேடினான். கையில் கிடைத்தது இடுப்புத் துணிதான். அதை முறுக்கித் தோளோடு சேர்த்து இறுக்கினான். பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான். அந்தத் துணியில், குங்குமமா எண்ணெயா என்று சந்தேகத்தில் விட்ட சிவப்பு இனி எந்தச் சிவப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

"மச்சான்" என்றான் குகன். "கை எங்க மச்சான்?"

பெரிய ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் நவமணி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். லோகேஸ்வரன் வந்தான். வாயில் பல் போன ஓட்டை தெரிந்தது. அவன் கார்க் கதவைச் சாத்துவதற்குள் செல்லன் பாய்ந்தான். கழுத்தைப் பிடித்து காரின் மேல் மல்லாத்தினான். கட்டை விரல்கள் தொண்டைக் குழியில் இறங்கின. லோகேஸ்வரனின் முகம் கருத்தது. பார்த்துக்கொண்டிருந்த யாரும் தடுக்க வரவில்லை. நவமணிகூட, "கொல்லுங்க! கொன்னு போடுங்க அவன!" என்று கத்தினாள்.

"நான்... நிறுத்தத்தான்... சொன்னேன்" என்றான் லோகேஸ்வரன், காற்றில்லாத குரலில்.

மூசா ஓடிவந்து செல்லனின் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். "எப்படிண்ணே? குடம் வெடிச்சிருந்தா செவப்பு வந்திருக்கணுமே. காலைல செவப்பு வரலியா? யாரும் பாக்கலியா?"

செல்லனின் விரல்கள் தொண்டையைவிட்டுத் தாமாகக் கழன்றன. லோகேஸ்வரன் சரிந்து விழுந்து இருமினான். செல்லன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு யாரையும் பார்க்காமல் நடந்துபோய் சாக்கடை ஓரத்தில் குந்திக்கொண்டான். மச்சினன் மேல் உயிரையே வைத்திருக்கிறான், பாவம், என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

விசாரணைக்காரர்கள் வந்தார்கள். வெடிப்பு புதிதில்லை என்றார்கள். காலையில் கசிவு ஏதும் தெரிந்ததா என்று ஹைருலைக் கேட்டார்கள், பூசைக் குங்குமம்தான் இருந்தது என்றான். செல்லனைக் கேட்டார்கள். அவனும் அதையே சொன்னான். கண் விழித்த பிறகு குகனின் கட்டிலுக்கும் வந்தார்கள். செல்லன் சன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

குகன் செல்லனின் முதுகைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்."

அதற்குப் பிறகு அவன் செல்லனோடு பேசவில்லை. வருபவர்களிடம் பேசினான், அக்காவிடம் வம்பு பண்ணினான், ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போன விஷாலினியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. செல்லன் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். செல்லன் தினமும் வந்து கட்டில் காலடியில் நின்றான். தூங்கினால் குகன் கன்னத்தில் விழுந்த அறையின் சத்தம் கேட்டது. காத்தாடி வெடித்த சத்தம் இல்லை. தகரம் வரை கேட்ட மற்ற சத்தம்.

தீபாவளிக்கு முன்பு ஒரு மத்தியானம் லோகேஸ்வரன் வார்டுக்கு வந்தான். நவமணி கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். அவன் ஒரு காகிதப் பையைக் கட்டிலில் வைத்தான்.

"புது காத்தாடி வந்திருச்சு மண்டோரே. பெட்டியப் பிரிக்கக்கூட இல்ல. போட பிளேன் இல்லியே, ஈப்போகாரன்கிட்ட தள்ளிட்டேன். அதுல வந்த காசு. ஒங்க பாக்கி முழுசும் இருக்கு. பதினோராயிரத்து நானூத்தி அறுபது. தம்பி கைக்கு இன்சூரன்ஸ் தனியா வரும், நான் பாத்துக்கிறேன்." பல் போன ஓட்டையை நாக்கால் தடவிக்கொண்டு கொஞ்சம் நின்றான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. போய்விட்டான்.

செல்லன் பையைத் தொடவில்லை. "குகா, எல்லாம் நீயே வச்சிக்க."

குகன் கண்ணைத் திறந்தான். பையை இடது கையால் இழுத்து நோட்டுகளை வெளியே எடுத்தான். ஒற்றைக் கையால் நோட்டுப் பிரிக்க அவனுக்கு இன்னும் வரவில்லை. செல்லன் உதவிக்குக் கையை நீட்டினான். குகன் பார்த்த பார்வையில் கை திரும்பியது.

"இது அந்த ரெண்டு பேரு கூலி. இன்னிக்கே குடுத்துருங்க, பாவம், ஊருக்கு அனுப்பணும். இது அக்கா கொடிக்கு. மீட்டுட்டு வந்து கழுத்துல போட்டுட்டுதான் இங்க வரணும் அவ. மிச்சம் எனக்கு." மூன்று கட்டுகளும் போர்வையின் மேல் கிடந்தன. "மொதலாளி பாக்கி முடிஞ்சிது."

"ம்."

"ஒங்க பாக்கி இருக்கு மச்சான்."

"தெரியும்டா."

"கிட்ட வாங்க. குனிங்க."

செல்லன் கட்டிலோரம் வந்து குனிந்தான். பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர், இவன் ஏதோ ரகசியம் சொல்லப்போகிறான் என்று நினைத்திருப்பார். குகன் இடது கையை ஓங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அறைந்தான். பழக்கமில்லாத கை. பாதி கன்னத்திலும் பாதி காதிலும் விழுந்தது. வார்டே திரும்பியது. நர்ஸ் எழுந்தாள். செல்லன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, இன்னொன்றுக்குக் காத்திருந்தான்.

இன்னொன்று வரவில்லை. அடித்த வேகத்தில் தோள் புண் இழுத்து, குகன் உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். கண்ணின் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"போதும் மச்சான். அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. அவளுக்கு நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு இருக்கா."

நவமணி சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். புருஷன் கன்னத்தைப் பார்த்ததும் நின்றாள். "என்னாங்க இது, இப்பிடி செவந்திருக்கு?"

"கொசுக்கா" என்றான் குகன். "நான்தான் அடிச்சேன்."

"ஆஸ்பத்திரியில கொசுவா? செத்துச்சா?"

"பொழச்சிக்கிச்சு."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். செல்லன் அதை அவள் கையிலிருந்து வாங்கினான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு சின்ன உருண்டையாக உருட்டி நீட்டினான். பருக்கைகள் போர்வையில் சிந்தின.

குகன் உருண்டையைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"பெருசா வைங்க மச்சான். நான் என்னா கொழந்தயா?"